கேட்பாரற்ற பத்து டன்

பாலத்தைத் தாங்கும் தூண்களுக்கு வாய் கிடையாது. பாலங்கள் நிற்பதற்கு அதுதான் காரணம். வாய் இருந்திருந்தால் முதல் லாரி ஏறியபோதே இடது தூண் வலது தூணைக் கைகாட்டியிருக்கும், வலது தூண் விடுப்பில் போயிருக்கும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் பாலத் துறை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

அந்த நகரத்தின் நடுவே ஒரு கால்வாய் ஓடியது. கால்வாயின் இடப்பக்கத்தை இடக்கரைக் கோட்டமும் வலப்பக்கத்தை வலக்கரைக் கோட்டமும் பார்த்துக்கொண்டன. பாலம் என்பது இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரே பொருள் என்பதால் அதை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. பழைய பாலம் ஆட்டம் கண்டு, அதை இடித்து, அதே இடத்தில் புதிதாக ஒன்று கட்டினார்கள். பெரிய வேலை ஒன்றுமில்லை. கரைக்கு ஒரு தூண், மேலே ஒரு தளம், அவ்வளவுதான். கட்டி முடித்துக் கைப்பிடிக்குப் பெயிண்டும் அடித்தபின் இரண்டு முனையிலும் தகரத் தடுப்பு வைத்து மூடிவிட்டார்கள். எந்தத் தூண் எவ்வளவு தாங்குகிறது என்ற கணக்கில் இரண்டு கோட்டத்தாரும் கையெழுத்துப் போட்டால்தான் திறக்க முடியும்.

அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் தலைமை அலுவலகத்தில் நான்காவது மாடிக் கோடியில், கழிவறைக்கு முந்தைய அறையில் இருந்தார். எந்த எண்ணையும் புள்ளி வைத்து இரண்டு இலக்கம் எழுதாவிட்டால் அவருக்குக் கை அரிக்கும். எத்தனை டீ என்று கேட்டால் ‘இரண்டு புள்ளி பூஜ்யம் பூஜ்யம்’ என்பார் என்று சக ஊழியர்கள் கேலி செய்து, கடைசியில் அவருக்குத் ‘தசமம்’ என்றே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் சம்பளத்தன்றுதான் வெளியே வரும்.

மற்ற கோப்புகளைப் போல இதையும் அவர் ஆற அமரப் பார்த்திருப்பார். ஆனால் அவர் வீடு வலக்கரையில். அவருடைய அப்பாவும் அக்காவும் இடக்கரையில். அப்பா பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு என்று ஒவ்வொரு முறையும் அவரை யாராவது தூக்க வேண்டும். அந்த யாராவது எப்போதும் அக்காதான். மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து தூக்குவாள். தூக்கித் தூக்கி அவளுக்குக் குடலிறக்கம் வந்துவிட்டது. உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், அதன்பின் மூன்று மாதம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பாலம் திறந்ததும் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்து நானே தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று தசமம் அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். வேறு வழி ஒன்று இருந்தது. அணை வரை போய்ச் சுற்றி வரும் ரோடு. அது ரோடு என்று வரைபடத்தில் மட்டும்தான் இருக்கிறது, அந்தக் குலுக்கலில் அப்பாவின் உடம்பு தாங்காது என்று அவர் நினைத்தார்.

கணக்கு எளிமையானது. இரண்டு பேர் ஒரு பெஞ்சை ஆளுக்கொரு முனையில் பிடித்துத் தூக்குகிறார்கள். பெஞ்சின் மேல் ஒரு மூட்டை. மூட்டை நடுவில் இருந்தால் இருவருக்கும் சமம். யார் பக்கம் தள்ளி இருக்கிறதோ அவர் கைக்குத்தான் வலி. தளத்தின் எடை அறுபது டன், இடது முப்பது, வலது முப்பது என்று எழுதித் தசமம் புள்ளியும் பூஜ்யங்களும் போட்டு முடித்தார். தூண் ஒவ்வொன்றும் இதைப்போல மூன்று மடங்கு தாங்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும்.

கையெழுத்துக்காகக் கூட்டம் போட்டார்கள். தலைமைப் பொறியாளர் நடுவில் உட்கார, இடக்கரை அதிகாரி இடப்பக்கமும் வலக்கரை அதிகாரி வலப்பக்கமும் உட்கார்ந்தார்கள். துறையில் ஒரு விதி உண்டு. எந்தக் கோட்டம் எத்தனை டன் தாங்குகிறதோ அந்த அளவுக்குத்தான் ஜீப்பும் ஆட்களும் தருவார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு வந்திருந்த இடக்கரை அதிகாரி முப்பது என்ற எண்ணைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“எங்க பக்கம்தான் பஸ் ஸ்டாண்டு, எங்க பக்கம்தான் கோர்ட்டு. அவங்களுக்கும் முப்பது, எங்களுக்கும் முப்பதா? நாப்பத்தஞ்சு இல்லாம நான் எழுந்திரிக்க மாட்டேன்” என்றார்.

வலக்கரை அதிகாரி பெருந்தன்மையானவர். எதிர்த்தரப்புக்கு நாற்பத்தைந்து கொடுப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, தனக்கு முப்பத்தைந்து இருந்தால் போதும் என்றார். கூட்டிப் பார்த்தால் எண்பது வந்தது. பாலத்தில் இருந்ததோ அறுபது. இருபது டன் குறைகிறது என்று தசமம் எழுந்து நின்று சொன்னார். இதற்காக ஒருவர் வருத்தப்படுவதைத் தலைமைப் பொறியாளர் அதுவரை பார்த்ததில்லை.

“பாரம் பத்தலைன்னா பாரத்தைக் கூட்டுங்க. நம்ம துறையில பாரத்துக்கா பஞ்சம்?” என்றார் அவர்.

அப்படித்தான் பாலத்தின் மேல் கருங்கல் வரவேற்பு வளைவு வந்தது. இருபது டன். இடக்கரைக்கு நாற்பத்தைந்தும் வலக்கரைக்கு முப்பத்தைந்தும் வரும்படி அதை எங்கே நிறுத்துவது என்று மட்டும் தசமத்தைக் கேட்டார்கள். இடது முனையிலிருந்து கால்வாசித் தூரத்தில் என்று அவர் சொன்னார். துறையில் சேர்ந்ததிலிருந்து அவர் சொன்னது ஒன்று சொன்னபடியே நடந்தது அன்றுதான். வளைவின் நெற்றியில் தலைமைப் பொறியாளரின் பெயரை ஆள் உயரத்துக்குச் செதுக்கினார்கள்.

இன்னும் இரண்டு வாரம்தான் என்று அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா மருத்துவமனையில் தேதி வாங்கினாள்.

வளைவின் சிமெண்ட் காய்வதற்குள் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்துவிட்டது. இனிமேல் எந்தப் பாலத்தில் விரிசல் வந்தாலும், யார் எத்தனை டன் தாங்குகிறார்களோ அந்த விகிதத்தில் அந்தந்த அதிகாரியே பொறுப்பு என்று அதில் இருந்தது. மறுநாளே இடக்கரை அதிகாரிக்கு நாற்பத்தைந்து டன் தன் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருப்பதாகப்பட்டது. அடுத்த கூட்டத்துக்கு அவர் முகம் வெளிறிப்போய் வந்தார். ஜீப் வேண்டாம், ஆள் வேண்டாம், முப்பத்தைந்துக்கு மேல் ஒரு கிலோகூட ஏற்க முடியாது என்றார். வளைவை நடுவுக்கு நகர்த்தினால் ஆளுக்கு நாற்பது ஆகிவிடும் என்று தசமம் யோசனை சொல்ல, வலக்கரை அதிகாரி பெருந்தன்மையை உடனே திரும்ப வாங்கிக்கொண்டார். வளைவையே எடுத்துவிடலாமே என்று தசமம் அடுத்த யோசனையைச் சொன்னபோது எல்லோரும் தலைமைப் பொறியாளரைப் பார்த்தார்கள். அவர் ஜன்னலைப் பார்த்தார். அந்த யோசனை குறிப்பில் ஏறவில்லை.

“என்னைத் தப்பா நினைக்காதீங்க. நான் பாரத்தை வேண்டாம்னு சொல்லல. பாரம் பாட்டுக்கு எங்க தூண் மேலயே இருக்கட்டும். கணக்குல மட்டும் அது வேற யாருகிட்டயாவது இருக்கட்டும்” என்று இடக்கரை அதிகாரி உருக்கமாகக் கேட்டுக்கொண்டார்.

ஆக, இடது முப்பத்தைந்து, வலது முப்பத்தைந்து. எண்பதில் பத்து டன் கேட்பாரற்றுப் போயிற்று. கோப்பு மாடிமாடியாக ஏறி இறங்கியது. லிஃப்ட் வேலை செய்யாததால் ஒவ்வொரு மாடியிலும் மூச்சு வாங்க நின்றது. பத்து டன்னை நிலுவையில் வைக்கலாமா என்று ஒருவர் எழுதினார். பொருள் கிடங்கு அதை வாங்கி வைக்குமா என்று இன்னொருவர் எழுதினார். பார்சலாக வந்தால் பரிசீலிக்கலாம் என்று கிடங்கு பதில் எழுதியது. பாலம் அங்கே வெயிலில் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதன் தூண்கள் இரண்டும் எண்பது டன்னையும் தாங்கிக்கொண்டுதான் இருந்தன.

அக்கா வாங்கிய தேதி வந்து போயிற்று. மருத்துவமனையில் சொல்லித் தள்ளிப்போட்டுவிட்டேன் என்று மட்டும் போனில் சொன்னாள். வலிக்கிறதா என்று இவர் கேட்டதற்கு, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் அப்பாவைத் தூக்குகிறேன், பரவாயில்லை என்றாள். போனை வைத்தபின் தசமம் அதை மனைவியிடம் சொன்னார். மாமாவை இங்கேயே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், நான் எப்போது வேண்டாம் என்றேன் என்று மனைவி சொன்னாள். பாலம் திறக்கட்டும் என்றார் இவர்.

கடைசியில் தலைமைப் பொறியாளரே முன்வந்தார். அந்தப் பத்து டன்னைத் தலைமை அலுவலகம் ஏற்றுக்கொள்ளும் என்று அறிவித்தார். இதற்கென்று ஒரு சிறு விழாவே வைத்து, பிஸ்கட் கொடுத்தார்கள்.

“இந்த நாற்காலிக்கு வந்த நாள்லேருந்து நான் எந்தப் பாரத்தையும் தட்டிக் கழிச்சதில்லை. ஏன்னா எதுவும் என் வரைக்கும் வந்ததே இல்லை. நீங்க எல்லாரும் வழியிலேயே பிடிச்சு வேற யார் தலையிலயாவது கட்டிடுவீங்க. முதல் தடவையா ஒண்ணு தப்பிச்சு மேல வந்திருக்கு. ஏத்துக்கறேன்” என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. இரண்டு கோட்டத்து அதிகாரிகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பாலம் ஊருக்குள் இருக்கிறது, தலைமை அலுவலகம் அடுத்த பேட்டையில் நான்காவது மாடியில் இருக்கிறது, அங்கிருந்து எப்படித் தாங்குவது என்று தசமம் கேட்க நினைத்தார். கேட்டால் இன்னொரு கூட்டம் போடுவார்கள். அதனால் பிஸ்கட்டைத் தின்றார்.

ஆனால் கட்டிடப் பிரிவு சும்மா இருக்கவில்லை. நான்காவது மாடியின் தளம் பழையது, புதிதாகப் பத்து டன் ஏறினால் தாங்காது என்று எச்சரித்தது. அப்படியென்றால் பத்து டன் இறக்க வேண்டியதுதானே என்றார்கள். எதை இறக்குவது என்று பார்த்தபோது, அந்த மாடியிலேயே கனமானதும் யாருக்கும் வேண்டாததுமாகக் கணக்குப் பிரிவு தட்டுப்பட்டது. இரும்பு அலமாரிகள், வரைபடப் பெட்டிகள், மேஜைகள் எல்லாவற்றையும் எடைபோட்டுக் கீழே இறக்கினார்கள். கொஞ்சம் குறைந்ததால் தசமத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். அவருடைய மேஜை மாடிப்படிக்கு அடியில் வந்து சேர்ந்தது. காலியான அறையைப் பூட்டி, ‘பத்து டன்’ என்று எழுதி ஒட்டினார்கள்.

இனித் தடையொன்றும் இல்லை என்று திறப்பு உத்தரவைத் தட்டச்சு செய்யும்போதுதான் சட்ட ஆலோசகர் ஒரு கேள்வி கேட்டார். பாலத்தின் மேல் வண்டிகள் போகுமா?

போகும் என்றார்கள். வண்டி இடது முனையில் ஏறும்போது அதன் எடை முழுவதும் யார் தலையில் என்று கேட்டார். படிக்கட்டுக்கு அடியிலிருந்து தசமத்தை அழைத்து வந்தார்கள். ஏறும்போது முழுவதும் இடது தூணுக்கு, போகப் போக வலது தூணுக்கு மாறிக்கொண்டே வரும், நடுவில் மட்டும் சமம் என்று அவர் உண்மையைச் சொல்லித் தொலைத்தார். இரண்டு அதிகாரிகளும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். இவ்வளவு நாள் இதை மறைத்துவிட்டார் என்று இடக்கரை அதிகாரி குற்றம் சாட்டினார். பாரம் நகரும் என்று தனக்கு யாரும் எழுத்துமூலம் தெரிவிக்கவில்லை என்று வலக்கரை அதிகாரி பதிவு செய்துகொண்டார்.

அந்த வாரக் கடைசியில் உத்தரவு வந்தது. பாலம் திறக்கப்படுகிறது. வாகனங்களும் பாதசாரிகளும் இரண்டு தூண்களுக்கும் பாரம் சமமாக இருக்கும் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தலாம். முனைகள் மறு உத்தரவு வரும்வரை மூடியிருக்கும். நடுவில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கட்டம் போட்டார்கள். பெயிண்ட் அடித்த ஆள் அங்கே எப்படிப் போனான் என்று யாரும் விசாரிக்கவில்லை. மக்கள் நடுவுக்கு எப்படி வருவார்கள் என்று தசமம் கேட்டதற்கு, நம்முடைய பொறுப்பு பாலம் மட்டும்தான், வருவதும் போவதும் போக்குவரத்துத் துறை விஷயம் என்று தலைமைப் பொறியாளர் விளக்கினார். பாலம் திறந்த செய்தி படத்துடன் பேப்பரில் வந்தது. வளைவும் பெயரும் நன்றாக விழுந்திருந்தன.

அதைப் பார்த்துவிட்டு அக்கா போன் செய்தாள். எப்போது வருகிறாய் என்று கேட்டாள். தசமம் உத்தரவு, மஞ்சள் கட்டம், பத்து டன் எல்லாவற்றையும் விளக்கினார். முட்டாள் பயல்கள் என்று வயிறெரியத் திட்டினார். இன்னும் ஒரு மாதத்தில் மறு உத்தரவு வந்துவிடும் என்றார்.

“அணை ரோட்டுல கூட்டிட்டுப் போனா அப்பா உடம்பு தாங்காதுன்னு சொன்னியே” என்றாள் அக்கா. “போன மாசம் மூச்சுத் திணறினப்போ அந்த ரோட்டுலதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வந்தேன். நான்தான், தனியா. அப்பா நல்லாத்தான் இருந்தாரு.”

“சொல்லவே இல்லையேக்கா.”

“சொன்னா நீ என்ன சொல்லுவேன்னு தெரியும். உங்க ஆபீஸ்ல அந்த அதிகாரி சொன்னதாச் சொன்னியே, பாரம் இங்கயே இருக்கட்டும், கணக்கு மட்டும் வேற யாருகிட்டயாவது இருக்கட்டும்னு. நீ சிரிச்சுச் சிரிச்சு சொன்னே. எனக்குச் சிரிப்பு வரலடா தம்பி.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லாதவள் குரல் அது. அடுத்த வாரம் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள், இந்த முறை தள்ளிப்போட மாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தசமம் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே ஆட்கள் திமுதிமுவென்று ஏறி இறங்கினார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது. விடுப்புகூட எழுதிக் கொடுக்காமல் எழுந்து போனார்.

சாயந்திரம் அவர் அணை ரோட்டில் பஸ் பிடித்துச் சுற்றிக்கொண்டு இடக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார். குலுக்கல் மோசம்தான், ஆனால் உயிர் போகிற மாதிரி இல்லை. அப்பாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, துணிப்பையை அவர் மடியில் வைத்து, அணைப் பக்கம் போகாமல் நேராகப் பாலத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். அக்கா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட வந்தாள்.

தடுப்புக்குப் பக்கத்தில் இடக்கரைக் காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். தசமம் சொன்னார். காவலாளி யோசித்தார். இந்தப் பக்கத்துப் பாரம் அந்தப் பக்கம் போகிறது என்றால் தன் அதிகாரிக்குச் சந்தோஷம்தான் என்று முடிவுசெய்து, தடுப்பைத் தானே நகர்த்திவிட்டார். அக்கா அங்கேயே நின்றுகொண்டாள்.

நாற்காலியின் சக்கரம் பாலத்தில் ஏறியது. வேண்டாம் என்றாலும் தசமத்தின் மனசு கணக்குப் போட்டது. இப்போது முழுக்க அக்கா பக்கம். வளைவைத் தாண்டும்போது முக்கால் அவள் பக்கம், கால் என் பக்கம். மஞ்சள் கட்டத்தில் ஒரு நிமிடம் மூச்சு வாங்க நின்றார். அப்பாவுக்கு வாய் குழறும். ஆனாலும் இடிந்துபோன பழைய பாலத்தில் ஆயிரம் தடவை பஸ் ஓட்டியவர் ஆயிற்றே.

“பாலம்... ஹாரன் அடி” என்றார்.

தசமம் வாயாலேயே அடித்தார். அப்பாவின் பாதி முகம் சிரித்தது. பிறகு மீதிப் பாதி பாலத்தையும் தள்ளினார். திரும்பிப் பார்த்தபோது அக்கா இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நின்றிருந்தாள். அவளை அப்படி அவர் பார்த்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. வலக்கரைக் காவலாளி தடுப்பைப் பிடித்துக்கொண்டு, சார் இது எங்கள் கணக்கில் வராதே என்று மன்றாடினார். என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தசமம் தடுப்பைக் காலால் தள்ளினார்.

மறுவாரம் படிக்கட்டு மேஜைக்கு விளக்கம் கேட்டு இரண்டு ஓலைகள் வந்தன. வலக்கரைக்குச் சொந்தமில்லாத பாரம் ஒன்றை அனுமதியின்றி வலக்கரையில் இறக்கியது ஏன் என்று ஒன்று கேட்டது. இதற்குள் பொறுப்புச் சுற்றறிக்கை ரத்தாகிவிட்டதால், இடக்கரைக்கு உரிய பாரத்தைக் கடத்திக்கொண்டுபோனது ஏன், அதை எப்போது திருப்பித் தருவதாக உத்தேசம் என்று இன்னொன்று கேட்டது. இரண்டையும் அவர் மேஜையின் ஆட்டம் நிற்பதற்காக அதன் காலுக்கு அடியில் மடித்து வைத்தார். பாலம் இன்றைக்கும் நடுவில் மட்டும் திறந்திருக்கிறது. தடுப்புக்கு அடியில் குனிந்து ஊரே போய் வருகிறது. துறையின் பதிவில் இதுவரை ஒருவரும் பாலத்தைக் கடக்கவில்லை.

அப்பாவை அழைத்து வந்த மறுநாள் காலையில்தான் தசமம் முதல்முறையாக அவரைத் தனியாகத் தூக்கினார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நான்கடிதான். அக்குளில் கைகொடுத்து, தன் தோள்மேல் அவர் தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து எழுப்பினார். செயலிழந்த பக்கம் முழுவதும் இவர்மேல் சரிந்தது. நாற்காலியில் உட்காரவைத்தபின் தசமம் தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் குளியலறை இருந்தது. மத்தியானம் இருந்தது. சாயந்திரம் இருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து, பேசலாம் என்று நர்ஸ் அனுமதித்த அன்று அக்கா போன் செய்தாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார், சாப்பிட்டார், ஹாரன் அடிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்றார் இவர். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அக்கா, அப்பா இவ்வளவு கனமா?”

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். தையல் இழுத்ததோ என்னவோ, பாதியில் நிறுத்தினாள்.

“நீதான் புள்ளி வச்சு சொல்லுவியே. எவ்வளவு இருக்கும், சொல்லு பார்ப்போம்.”

தசமம் நாற்காலியில் இருந்த அப்பாவைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

“தெரியலக்கா” என்றார். “இத்தனை வருஷமா நீ எப்படித் தூக்கினே?”